பேட்டரிக்கு இன்ஷியல் யாருலே?

கேமராவுக்கு எம்புட்டு குடுத்தே மருமவனே, ரெண்டு லட்சமா? சரி விடு. உங்க அம்மாகிட்ட நீ சொன்ன தொகை வேற. அதை நான் எதுக்குக் கெளறணும், எனக்கு வேற சோலி இல்லையா. பாடி வாங்கிட்டே, லென்ஸ் வாங்கிட்டே. தோள்ல மாட்டுத வார்ல ‘கேனான்’னு கொட்டை எழுத்துல எழுதியிருக்கு. தெருவுல நாலு பேரு திரும்பிப் பாக்கான். சந்தோசம். இப்ப பையோட ஓரத்துல கைலேஞ்சியில சுத்தி வச்சிருக்கியே ரெண்டு கறுப்புக் கட்டி, அதை இப்பிடிக் குடு பாப்போம்.

ஓ, பேட்டரி. என்ன வெல? ரெண்டும் சேத்து எழுநூறா! அடேயப்பா. கம்பெனிக்காரன் ஒரே ஒரு பேட்டரிக்கு ஆயிரக்கணக்குல கேக்கான். ஒலகத்துலயே அவனை ஏமாத்துன ஒரே ஆளு நீதான். அதுலயும் மேல ‘கேனான்’னு ஒட்டியிருக்கு. ‘ஒரிஜினல்’னு வேற சொல்லிக் குடுத்தானா? குடுத்தவன் ரொம்ப நல்லவன் மருமவனே. கடை எங்க இருக்கு? ஆன்லைனா. பில்லு? இல்லையா. போன் நம்பராச்சும்? அதுவும் இல்லையா. அப்ப ரொம்ப ரொம்ப நல்லவன். ஒரு நன்றி சொல்லக்கூட வழி வைக்காமப் போயிட்டான்.

சிரிக்காதே. பிலிம் காலத்துக் கெழவனுக்கு இதப் பத்தி என்ன தெரியும்னு உனக்கு ஒரு எளப்பம் இருக்கு, தெரியும். எங்க காலத்துல நாங்க பேட்டரிக்கு அடிமையா இருந்ததில்ல. என்கிட்ட இருந்த யாஷிகா எஃப்எக்ஸ்-3 கேமராவுல ரெண்டு பொத்தான் செல்லு கெடக்கும். வெளிச்சத்த அளக்க மட்டும்தான் அது. செத்தா அது பாட்டுக்குச் சாகும். ஷட்டர் ஸ்பிரிங்குல ஓடும், வெளிச்சத்தக் கண்ணே அளந்துக்கிடும். ஃபிளாஷுக்குத்தான் நல்ல செல்லு வேணும். மெட்ஸ் ஃபிளாஷ்ல செல்லு எறங்கிட்டா, பொண்ணையும் மாப்பிள்ளையையும் சிரிச்சபடியே நிக்கச் சொல்லிட்டு ரெடி லைட்டு எரியுத வரைக்கும் நாங்களும் சிரிச்சுக்கிட்டே நிப்போம். உன் கேமராவுல பேட்டரி போனா என்ன மிஞ்சும்? வெயிட்டுதான் மிஞ்சும். வியூஃபைண்டர்ல எட்டிப் பாத்தாக்கூட இருட்டு. மிரர்லெஸ்னு பேரு. கண்ணாடியும் இல்ல, கரண்டு இல்லேன்னா வேற எதுவும் இல்ல.

பேட்டரிக்கு நீங்கள்லாம் இம்புட்டுப் பறக்குறதே இந்த மிரர்லெஸ்ஸு வந்த பொறவுதான். கேனான் 5டி மார்க் 4க்கு ஒரு சார்ஜுல 900 படம்னு கம்பெனிக் கணக்கு. சோனிக்காரன் 2013ல ஏ7ன்னு ஒண்ணு விட்டான். அதுக்கு 340 படம்னு அவனே சொன்னான். முகூர்த்தக்காரனுக்கு அது எந்த மூலைக்கு? பையி நெறைய பேட்டரி சொமந்தானுக. கடைசியில 2017ல ஏ9 வரும்போது என்பி-எஃப்இசட்100னு புதுசா ஒண்ணு கொண்டாந்தான், கொள்ளளவு 2280 எம்ஏஎச். பழசுக்கு ரெண்டு மடங்கு. எப்பிடி ஏத்துனான்? டப்பாவப் பெருசாக்கி ஏத்துனான். இத ஞாபகத்துல வச்சுக்க, கொஞ்ச நேரத்துல திரும்பக் கேப்பேன்.

இப்ப உன் வம்சத்துக்கு வருவோம். 5டி மார்க் 2 வந்த 2008ல கேனான்காரன் எல்பி-ஈ6னு ஒரு பேட்டரி போட்டான், 1800 எம்ஏஎச். 2014ல அதே டப்பாவுல எல்பி-ஈ6என், 1865. 2020ல எல்பி-ஈ6என்எச், 2130. 2024ல எல்பி-ஈ6பின்னு இன்னொண்ணு. கூடுதலா கரண்டு தள்ளுமே தவிர அதுவும் 2130தான். ஜப்பான்ல அம்புட்டு பெரிய கம்பெனி, சம்பளம் குடுத்து எஞ்சினியருகள வச்சு, பன்னெண்டு வருசம் முக்கி மொனங்கி 330 ஏத்தியிருக்கு. சோனிக்காரன் எப்பிடி ஏத்துனான்னு ஞாபகம் இருக்கா? உன் எழுநூறு ரூவாக்காரன் அதே டப்பாவுல என்ன அச்சடிச்சிருக்கான்? வாசி. எனக்குக் கண்ணு தெரியல, நீயே வாசி. மூவாயிரமா! அவனைக் கொண்டுபோயி கேனான் ஆபீசுல உக்கார வைக்கணும்லே. ஸ்டிக்கர்ல ஏத்துற கரண்டுக்கு ஈபி பில்லும் வராது.

உள்ள என்ன இருக்குன்னு தெரியுமா? ரெண்டு லித்தியம் அயான் செல்லு. ஒண்ணு 3.6 வோல்ட்டு, தொடுத்து வச்சா 7.2. கூடவே ஒரு சின்ன சர்க்யூட் போர்டு. வெல இருக்கது அந்தப் போர்டுலதான். சார்ஜ் ஏறும்போது ஒரு செல்லு 4.2 வோல்ட்டத் தாண்டாம அது பாத்துக்கிடணும். தாண்டுனா சூடு, பொறவு வீக்கம், அதுக்கும் பொறவு நெருப்பு. ரொம்பக் கீழ எறங்கவும் விடக்கூடாது. ஷார்ட் ஆனா லைனை அறுத்துவிடணும். சூட்ட அளந்து சொல்ல ஒரு சென்சார். கேமராகிட்ட ‘இம்புட்டு மிச்சம் இருக்கு’ன்னு கணக்குச் சொல்ல ஒரு சிப்பு. முன்னூத்தம்பது ரூவாயில இம்புட்டும் எப்பிடிலே அடங்கும்? எதையோ விட்டிருப்பான். எதை விட்டான்னு அது தேவைப்படுத அன்னைக்குத்தான் உனக்குத் தெரியும். கோவில்பட்டியில பொறந்தவனுக்கு இத நான் சொல்லணுமா? தீப்பெட்டி ஆபீசுல குச்சிய மருந்துல முக்குதவன்கூட எது எப்பப் பத்தும்னு கணக்கு வச்சிருப்பான்.

இந்த லித்தியம் அயானைக் கடைக்குக் கொண்டாந்தது சோனி, 1991ல. அதுக்கு அஸ்திவாரம் போட்ட மூணு பேருக்கு 2019ல நோபல் பரிசு குடுத்தாக. அதுல ஒருத்தரு குட்எனஃப். அப்ப அவருக்கு 97 வயசு. நோபல் வாங்குனவுகள்ல அவருதான் மூத்தவரு. அமெரிக்காவுல 97 வயசுப் பெருசு சொன்னா நீ வாயப் பொளந்துக்கிட்டு யூடியூப்ல கேப்பே. திண்ணையில இருக்க பெருசு சொன்னா மாமனுக்குக் கோட்டி புடிச்சிட்டும்பே.

சரி, விசயத்துக்கு வாரேன். கம்பெனிப் பேட்டரிய மட்டும்தான் வாங்கணும்னு நான் சொல்லல. அப்பிடிச் சொல்ல எனக்குக் கம்பெனிக்காரன் கமிசனா தாரான்? நான் பாக்கது இன்ஷியல் மட்டும்தான். கேனான் செஞ்சு கேனான்னு பேரு போட்டா, அது அப்பன் பேரு சொல்லுத புள்ள. டிஜிடெக், சிம்பெக்ஸ், ஸ்மால்ரிக், பட்டோனான்னு வேற கம்பெனிக தன் பேரத் தன் நெத்தியில எழுதி, ‘நான் கேனான் இல்ல, ஆனா கேனானுக்குப் பொருந்துவேன்’னு விக்கான். அதுவும் அப்பன் பேரு சொல்லுத புள்ளதான். குடும்பம் சின்னதா இருக்கலாம், ஆனா கேட்டுப் போனா வீட்டுல ஆளு இருக்கும். நீ கைலேஞ்சியில சுத்தி வச்சிருக்கியே, அதுதான் அடுத்த வீட்டுக்காரன் இன்ஷியலப் போட்டுக்கிட்டு அலையுதது. கம்பாட்டிபிள்காரனைப் பாத்து ‘டூப்ளிகேட்’னு மூஞ்சிய சுளிக்கே. நெசமான டூப்ளிகேட்டுக்கு மட்டும் துணி சுத்திப் பாதுகாக்கே. நல்லா வெளங்கும்.

நம்ப மாட்டே, உனக்குக் கண்ணால காட்டணும். போன வாரம் உன் சேக்காளி கொண்டாந்தானே ஒண்ணு, அதை நான் கடலைமிட்டாய்க் கடைத் தராசுல வச்சுப் பாத்தேன். நெசமான எல்பி-ஈ6என்எச் 80 கிராம் வாக்குல நிக்கும். இவன் கொண்டாந்தது அதுல பாதிக்குக் கொஞ்சம் மேல நின்னுச்சு. மிச்ச எடைக்கு ரெண்டு கடலைமிட்டாய வச்சுத்தான் சமன் பண்ணினோம். இப்ப உன் பேட்டரி ஓரத்துல நகத்த வச்சுத் தடவிப் பாரு. மேல்மூடியும் கீழ்மூடியும் சேருத எடத்துல நெசப் பேட்டரியில கோடுதான் தெரியும், நகம் எறங்காது. இதுல எறங்குது பாத்தியா? கரண்டு முனைப் பட்டை உள்ள எப்பிடிச் சாய்ஞ்சு கெடக்கு பாரு. எழுத்து விளிம்புல மை பொங்கியிருக்கு. அதுக்கு மேல ஒரு ஹோலோகிராம் வேற, வெரலால சுரண்டுனா தோலா உரியுது.

இதையெல்லாம் விடு, கேமராவே கேட்டிருக்குமே. பேட்டரியப் போட்ட ஒடனே திரையில என்ன வந்துச்சு? ‘பேட்டரியோட பேச முடியல, இதுல கேனான் முத்திரை இருக்கா?’ன்னு இங்கிலீஷ்ல கேட்டுச்சா? கேட்டுச்சு. நீ என்னத்த அமுக்குனே? ஆமான்னு அமுக்குனியா! அம்புட்டு அறிவுள்ள மெஷினு, கண்ணு மூக்கு தேடி ஃபோகஸ் போடுத மெஷினு, உன்ன நம்பி ஒரு கேள்வி கேட்டிருக்கு. அதுகிட்டயும் பொய்யி. தன் பேரு போட்ட கம்பாட்டிபிள் வச்சிருந்தா ‘இல்ல’ன்னு நெஞ்ச நிமித்தி அமுக்கியிருக்கலாம்.

கேமராவுக்குள்ளயே பேட்டரி தகவல்னு ஒரு மெனு இருக்கு, தெரியுமா? மூணு பச்சைக் கட்டம் இருந்தா பேட்டரி நல்லாருக்கு, ரெண்டுன்னா கொஞ்சம் தேஞ்சிருக்கு, ஒரே ஒரு செவப்புக் கட்டம்னா புதுசு வாங்குன்னு அர்த்தம். செகண்ட் ஹேண்ட் கேமராவோட கூட வார பேட்டரிய இந்த மெனுவுல போட்டுப் பாக்காம துட்டு குடுக்காதே. இன்ஷியல் சரியா இருந்தாலும் வயசுன்னு ஒண்ணு இருக்குல்லா. பழைய 5டி கேமராவுகள்ல பேட்டரியோட சீரியல் நம்பரையே பதிஞ்சு வைக்கலாம். ரெண்டு பேட்டரியப் பதிஞ்சா ரெண்டுக்கும் ஒரே நம்பர் வந்துச்சுன்னு வச்சுக்க, அது இரட்டைப் புள்ள இல்ல மருமவனே.

போன முகூர்த்தத்துல பக்கத்தூரு மண்டபத்துல நடந்தது உனக்குத் தெரியும்லா? அந்தத் தம்பி பேரு வேண்டாம், பொழைக்கப் பொறந்தவன். பேட்டரி பாதிக்கு மேல காட்டியிருக்கு. அய்யரு கெட்டிமேளம்னு கைய ஆட்டுதாரு, நாயனம் ஒசருது, மாப்பிள்ளை கையில தாலி. இவன் பொத்தான அமுக்குதான், கேமரா கண்ண மூடிருச்சு. பாதி காட்டுனது எப்பிடிச் செத்துச்சுன்னு கேக்கியா? நல்ல சிப்பு உள்ள போறதையும் வெளிய வாரதையும் கூட்டிக் கழிச்சு மிச்சம் சொல்லும். மட்டச் சிப்பு வோல்ட்டேஜ மட்டும் பாத்துக் குத்துமதிப்பாச் சொல்லும். லித்தியம் செல்லோட வோல்ட்டேஜு ரொம்ப நேரம் ஒரே மட்டத்துல நின்னுட்டு, கடைசியில தடால்னு விழும். அந்தத் தடால்தான் அன்னைக்குத் திருப்பூட்டு நேரத்துல விழுந்துச்சு. அவன் சட்டைப் பையில இருந்து அடுத்ததை எடுத்து மாட்டுதான். அதுவும் அதே கடை, அதே சரக்கு. கேமரா முழிச்சுப் பாக்கும்போது நாத்தனா மூணாவது முடிச்சையும் போட்டுட்டு சேலையச் சரி பண்ணுதா. ‘அண்ணே, இன்னொரு தடவ கட்டுங்க’ன்னு கேக்க முடியுமா? பொண்ணோட சித்தப்பா செல்போன்ல எடுத்து வச்சிருந்த படத்தக் கெஞ்சி வாங்கி ஆல்பத்துல ஒட்டியிருக்கான். மூலையில சித்தப்பா கட்டைவெரலு, மோதிரத்தோட, தாலியவிடப் பளிச்சுனு இருக்கு.

இதுல கம்பெனிக்காரனும் ஒண்ணும் அரிச்சந்திரன் இல்ல. 2009ல பானசோனிக்காரன் லூமிக்ஸ் கேமராவுக்கு ஒரு ஃபர்ம்வேர் விட்டான். அதை ஏத்துன ஒடனே வேற கம்பெனிப் பேட்டரி எதுவும் ஓடல. ‘உங்க பாதுகாப்புக்கு’ன்னு காரணம் சொன்னான். பாதுகாப்பு நெசந்தான். பேட்டரி விக்கது அவன்தாங்கதும் நெசந்தான். ரெண்டும் ஒண்ணாச் சேந்துக்கிட்டா கம்பெனிக்கு எம்புட்டு வசதி பாத்தியா? கேமராவ ஒரு வெலைக்குக் குடுத்துட்டு, பேட்டரியிலயும் சார்ஜர்லயும் உக்காந்து வசூல் பண்ணுதான். அதனாலதான் சொல்லுதேன், கம்பாட்டிபிள்காரன் ஊருல இருக்கட்டும். அவன் இல்லேன்னா கம்பெனிக்காரன் வெலைக்கு ஆகாசந்தான் எல்லை.

கம்பெனிச் சரக்கு வெடிக்காதான்னு கேப்பே. அதுவும் மக்கர் பண்ணும். நிக்கான்காரன் 2005ல ஈஎன்-ஈஎல்3னு ஒரு பேட்டரியில ஷார்ட் ஆகுதுன்னு திரும்ப வாங்குனான். 2012ல ஈஎன்-ஈஎல்15லயும் சில லாட்டு சூடாகுதுன்னு கூப்புட்டு மாத்திக் குடுத்தான். லாட்டு நம்பரப் பாரு, இந்த எழுத்து இருந்தா கொண்டா, காசில்லாம மாத்தித் தாரேன்னான். தப்பு பண்ணுனவன் வாசல்ல வந்து நிக்கான் பாரு, அதுக்குத்தான் நாம கூடுதல் துட்டு குடுக்கோம். உன் எழுநூறு ரூவாச் சரக்கு நாளைக்கு வீங்குனா யாரு உன்னக் கூப்புடுவா? தீயணைப்பு வண்டிய நீதான் கூப்புடணும்.

வீக்கம்னதும் ஞாபகம் வருது. இன்னொரு ஸ்டுடியோப் பையன், சித்திரை வெயில்ல கேமராவக் கார் டாஷ்போர்டுல வச்சிட்டு பந்தியில உக்காந்துட்டான். மத்தியானம் வந்து அடிக்கதவத் தொறந்தா பேட்டரி வெளிய வர மாட்டேங்கு. உள்ளயே ஊதி, சொவத்துல இறுகிப்போச்சு. தட்டுதான், குலுக்குதான், கடைசியில கொறடு எடுத்துட்டு வந்தான். நல்லவேளை யாரோ கையப் புடிச்சாக. லித்தியத்தக் கொறடால நசுக்குனா என்னாகும்னு அவனுக்கு யாரும் சொல்லித் தரல. சர்வீஸ்ல பாடியக் கழத்தித்தான் எடுத்தாக. மிச்சம் புடிச்ச துட்டப்போல பலமடங்கு அங்க போச்சு. நல்ல பேட்டரியையும் சூட்டுல, அதுவும் முழுச் சார்ஜோட வச்சிருந்தா சீக்கிரம் தேயும். ரொம்ப நாளு வேலை இல்லேன்னா பாதிச் சார்ஜுல, குளுமையான எடத்துல வையி. புதுசுக்கு மொதல்ல எட்டு மணி நேரம் போடணும்னு உங்க கடைக்காரன் சொல்லுதான்லா, அது நிக்கல் காலத்துப் பேச்சு, லித்தியத்துக்கு ஒட்டாது. ராத்திரி பூரா மெத்தை மேல வச்சு சார்ஜ் போடுத பழக்கத்தையும் விட்டுரு. தரையில, சிமெண்டுல வையி.

இனி என்ன வாங்கணும்னு கேளு. மெயின் கேமராவுக்கு ரெண்டு கம்பெனிப் பேட்டரி, பில்லோட, ஜிஎஸ்டி நம்பரோட. தாலி, மாலை, ஆரத்தி எல்லாம் அதுலதான். தன் பேரு போட்ட நல்ல கம்பாட்டிபிள் ஒண்ணோ ரெண்டோ வாங்கிக்க. மண்டபத்து வாசலு, பந்தி, டான்ஸு, வெளிப்புறப் படம்னு மறுபடி எடுக்கக்கூடிய வேலைக்கு அது தாராளம். புதுசு வந்த ஒடனே வீட்டுல வச்சு வீடியோ ஓட விட்டு, கம்பெனிப் பேட்டரி எம்புட்டு நேரம் நின்னுச்சு, இது எம்புட்டு நின்னுச்சுன்னு பாத்துக்க. நாலுல மூணு பங்கு நின்னாக்கூட வெலைக்கு அது கொள்ளைலாபம். எல்இடி லைட்டுக்கும் மானிட்டருக்கும் மாட்டுதியே என்பி-எஃப் ரகம், அதுக்குக் கம்பெனிப் பேட்டரியே தேவையில்ல. நல்ல கம்பாட்டிபிளே போதும், அங்க போயி துட்டக் கொட்டாதே. ஒவ்வொண்ணு மேலயும் மார்க்கர்ல வாங்குன மாசத்த எழுதி வையி. முக்கியமான இன்னொண்ணு: பழைய எல்பி-ஈ6 உன் கேமராவுல ஓடும், ஆனா கேமராவுக்குள்ள வச்சு யுஎஸ்பி வழியா சார்ஜ் ஏறாது. கம்பாட்டிபிள் வாங்கும்போதும் அதைக் கேட்டு வாங்கு. கார்ல போகும்போது பவர்பேங்க் மாட்டிக்கலாம்னு நம்பி மோசம் போவாதே.

பேட்டரி மேல ஐஎஸ் 16046னும் ஆர் போட்டு ஒரு நம்பரும் இருக்கான்னு பாரு. நம்ம நாட்டுல விக்கதுக்கு அந்தப் பதிவு வேணும். போலிக்காரன் அதையும் அச்சடிப்பான், அவனுக்கு என்ன, மை இருக்கு. ஆனா பிஐஎஸ் கேர்னு சர்க்கார் ஆப்பு ஒண்ணு இருக்கு. அதுல அந்த நம்பர அடிச்சா எந்தக் கம்பெனி பேருல பதிஞ்சிருக்குன்னு காட்டிரும். ரேசன் கார்டுக்கு ஆயிரம் ஆப்பு எறக்குதே, இதையும் ஒண்ணு எறக்கு. சிங்கப்பூர் கல்யாணத்துக்கு ஆர்டர் வந்திருக்குன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதே, உபரிப் பேட்டரிய எல்லாம் கையோட கொண்டுபோற பையில வையி. பெட்டியில போட்டு லக்கேஜுல அனுப்பக்கூடாது. உன்னது 16 வாட் அவர், 100க்குள்ளதான், பயமில்ல. முனைப் பட்டை ஒண்ணோட ஒண்ணு ஒரசாம மூடி போட்டுக்க. மூவாயிரம்னு அச்சடிச்ச அதிசயத்தை மட்டும் எடுத்துட்டுப் போவாதே.

இந்த ரெண்டு சவத்தையும் இங்கயே வச்சிட்டுப் போ. குப்பையில போட்டேன்னா, நம்ம ஊர்ல குப்பைய என்ன செய்வாகன்னு உனக்கே தெரியும், சாயங்காலம் தீ வச்சிருவாக. பொறவு தெருவே தீபாவளி கொண்டாடும். முனையில டேப்பு ஒட்டி, டவுனுக்குப் போகும்போது பேட்டரி திரும்ப வாங்குத எடத்துல நானே குடுத்துருதேன்.

மொகத்த ஏன் தொங்கப் போடுதே? துட்டு இல்லேங்கியா? ஆவணியில எம் பேத்திக்குக் காதுகுத்து. படம் நீதான். கம்பெனிப் பேட்டரி ஒண்ணு நானே வாங்கித் தாரேன், உன் சம்பளத்துல கழிச்சுக்கிடுவோம். பில்லு மட்டும் எம் பேருல இருக்கட்டும். வாரண்டி கேக்க நீ போனா அவன் மதிக்க மாட்டான் பாரு, அதுக்குத்தான். வேற எண்ணம் ஒண்ணும் இல்ல மருமவனே. ஆல்பம் எங்கைக்கு வந்த அன்னைக்கு பில்லு உங்கைக்கு வந்துரும்.